வலது முன் சில்லு

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அருள்மலர் அன்ரி காரை டிரைவ்வேயில் கொண்டுவந்து நிறுத்தியபோது வலது முன் சில்லிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் நான் இருந்தேன். கார் ஓட்டப் பழகுபவருக்குப் பக்கத்தில் முழு லைசென்ஸ் உள்ள ஒருவர் விழிப்போடு இருக்க வேண்டும் என்பது சட்டம். லைசென்ஸ் என்னிடம் இருந்தது. விழிப்பு இல்லை. களஞ்சியத்தில் இரவு வேலை முடித்து வந்து நான்கு மணித்தியாலம்தான் ஆகியிருந்தது.

"தம்பி, ஏதோ எரியிற மணம் வருது எண்டு பிரிம்லி ரோட்டிலயே சொன்னனான்," என்றார் அன்ரி. "நீர் 'ம்' எண்டீர்."

"நான் என்னத்துக்கு 'ம்' எண்டனான் எண்டு எனக்கே தெரியாது."

"கார் வலப்பக்கம் இழுக்குது எண்டும் சொன்னன். அதுக்கும் 'ம்'."

இறங்கிப்போய்ச் சில்லில் துப்பினேன். எச்சில் பொரிந்தது. இடது சில்லைத் தொட்டுப் பார்த்தேன். கை வைக்கக்கூடிய சூடு. ஆக, வலது பக்கத்துக் கலிப்பர் இறுகிவிட்டது. சில்லோடு சுழலும் தட்டை இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடிக்கிற, பிரேக்கின் இரும்புக் கை அது. மிதியை அமத்தினால் உள்ளேயிருக்கிற பிஸ்டன் வெளியே வந்து தட்டை நெருக்கும், விட்டால் பின்வாங்கும். இந்த நகரத்தில் பனி உருக வருடத்தில் ஐந்து மாதம் தெருவெல்லாம் உப்புக் கொட்டுகிறார்கள், இரும்பெல்லாம் துருப்பிடிக்கிறது. இருபது வருடக் காரில் பிஸ்டன் பின்வாங்க மறப்பது அதிசயமில்லை.

அன்ரி புகையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"வியாழக்கிழமைக்கு முதல் சரிவருமோ?"

வியாழக்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு ஒஷாவாவில் அவருடைய ஓட்டப் பரீட்சை. ஸ்காபரோவில் இருப்பவர்கள் பரீட்சைக்கு ஒஷாவாவுக்குப் போவார்கள். அங்கே தெரு அகலம், சனம் குறைவு, பாஸ் பண்ணலாம் என்று நம்பிக்கை. அன்ரி அங்கேயும் இரண்டு முறை பெயிலாகியிருந்தார். இது மூன்றாவது. பழகுபவர் லைசென்ஸ் ஐந்து வருடத்துக்குத்தான். அவருடையது வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. வியாழக்கிழமை போகாவிட்டால் எழுத்துப் பரீட்சையிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும். அவர் செய்வது வீடுகளுக்குப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்துப் பராமரிக்கிற வேலை. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு இரண்டு பஸ். கார் ஓட்டத் தெரியாதவர்களுக்கு இனி வேலை தருவதில்லை என்று நிறுவனம் கடிதம் அனுப்பியிருந்தது. திங்கட்கிழமை கடைசி நாள்.

கார் அவருடைய கணவர் கஸ்பர் அங்கிளுடையது. அங்கிள் இறந்து மூன்று வருடம். எழுத்துப் பரீட்சை பாஸ் பண்ணி வைத்திருந்தாலும், அவர் இருந்தவரை அன்ரிக்கு முழு லைசென்ஸ் தேவைப்படவில்லை. தேவைப்படவும் அவர் விடவில்லை. நான் அவர்களுடைய பேஸ்மென்ற்றில் ஐந்து வருடமாக வாடகைக்கு இருக்கிறேன்.

"பழக்கின மாஸ்டரின்ர காரைக் கேக்கலாமே?" என்றேன்.

"அண்டைக்கு வேற ரெண்டு பேரைக் கொண்டுபோறாராம். அதோட, அந்தாள் என்னைக் கண்டால் சிலுவை போடுது."

கிளிபோட்டுக்கு அழைத்தேன். கிளிபோட் என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்தவன். இரண்டு பேரும் எஞ்சினியரிங்கை மூன்றாம் வருடத்தில் விட்டோம். அவன் நகரத்தின் மறுகோடியில், ரெக்ஸ்டேலில் ஒரு கராஜில் சேர்ந்து உருப்பட்டான். நான் இரவு வேலைக்குப் போனேன்.

"புதுக் கலிப்பர் அந்தக் காருக்குத் திங்கட்கிழமைதான் வரும்," என்றான். "இப்ப உந்த மொடல் செய்யிறேல்லை. சீல் செற் ரெண்டு கிடக்குது. கழட்டிக் கழுவி சீல் மாத்தினியெண்டால் இன்னும் மூண்டு வருசம் ஓடும். இங்க கொண்டு வா."

"பிரேக் இறுகின காரை ரெக்ஸ்டேலுக்கு ஓட்டிக்கொண்டு வரட்டோ?"

"அப்ப நீயே செய். மூண்டு வருசம் எஞ்சினியரிங் படிச்ச ஆள்தானே."

"நீயும்தான்."

"நான் படிச்சதை மறந்திட்டன். அதாலதான் வேலை தெரியுது. டேய் பஸ்ரி, ரெண்டு பக்கமும் செய். ஆனா ஒரு பக்கத்தை முழுக்க முடிச்சுப் பூட்டிப்போட்டு மற்றப் பக்கத்தைக் கழட்டு. விளங்குதோ?"

விளங்கியது என்றேன். மூன்று பஸ் ஏறிப் போய், ஒயில் ஒழுகாமல் தடுக்கிற றப்பர் வளையங்கள் கொண்ட சீல் செற் இரண்டையும் இரண்டு போத்தல் பிரேக் ஒயிலையும் வாங்கிக்கொண்டு, அப்படியே வேலைக்குப் போனேன்.

புதன்கிழமை காலை ஏழரைக்கு வந்து உடுப்பு மாற்றாமலே காரின் முன்பக்கத்தை உயர்த்தித் தாங்கிகளில் நிறுத்தி, இரண்டு சில்லையும் கழற்றினேன். ஏப்ரல் என்றுதான் பெயர், விரல் விறைத்தது. முதல் சிக்கல் பிஸ்டனை வெளியே எடுப்பது. கராஜில் காற்றழுத்தத்தால் தள்ளுவார்கள். என்னிடம் காற்றழுத்தம் இல்லை. காரின் மிதி இருந்தது. மிதியை அமத்தினால் ஒயில் பிஸ்டனைத் தள்ளும். ஆனால் ஒயிலுக்கு எந்தப் பக்கம் சுலபமோ அந்தப் பக்கத்தைத்தான் தள்ளும். எனவே சுகமாக இருந்த இடது பிஸ்டனை மரவேலைக் கிடுக்கியால் இறுக்கிவிட்டு, அன்ரியைக் காருக்குள் ஏறச் சொன்னேன்.

"அமத்துங்கோ."

"அமத்திறன்."

"இன்னும்."

"தம்பி, நான் எழும்பி நிக்கிறன்."

டக்கென்று ஒரு சத்தம். வலது பிஸ்டன் அரை அங்குலம் வெளியே வந்தது. அதன் பிறகு இரண்டையும் விளிம்புவரை தள்ளி எடுத்து, குழாய்களைக் கழற்றினேன்.

இங்கேதான் நான் பிழை விட்டேன். அப்போது அது பிழை என்று தெரியவில்லை. களஞ்சியத்தில் எங்கள் வேலை முறை இது: நாற்பது பெட்டி வந்தால் நாற்பதையும் திற, பிறகு நாற்பதையும் அடுக்கு, பிறகு நாற்பதுக்கும் லேபல் ஒட்டு. ஒரு பெட்டியை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகிறவனை மேற்பார்வையாளன் இரண்டாம் கிழமையே அனுப்பிவிடுவான். ஐந்து வருடமாக என் கை அப்படித்தான் ஓடுகிறது. கிளிபோட் சொன்னது நினைவில் இருந்தது. கை அதைக் கேட்கவில்லை. இரண்டு கலிப்பரையும் கழற்றி, அன்ரி மீன் கழுவும் நீலப் பேசினுக்குள் ஒன்றாகப் போட்டேன்.

இரண்டையும் கழுவினேன். இரண்டின் பழைய சீல் வளையத்தையும் எடுத்தேன். சீல் உட்காரும் பள்ளத்தில் துரு கல்லுப்போல் இருந்தது. இரும்புக் கம்பியால் சுரண்டினால் பள்ளம் கீறுப்படும். கீறினால் ஒயில் ஒழுகும். அன்ரி விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குகள் ஒடித்துத் தந்தார். முப்பது ஈர்க்காவது முடிந்திருக்கும். ஒரு கலிப்பருக்கு ஒரு மணித்தியாலம்.

வலது பிஸ்டனில் துருப் புள்ளிகள் இருந்தன. நகத்தை ஓட்டிப் பார்த்தேன். சீல் உரசும் இடத்தில் நகம் தடைப்பட்டால் அந்தப் பிஸ்டன் குப்பைக்கு. அன்ரியின் பரீட்சையும் கூடவே. புள்ளிகள் எல்லாம் வெளி விளிம்பில்தான் இருந்தன. சீல் தொடும் இடம் வழுவழுப்பாக இருந்தது. ஈரமாக்கிய மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தேன்.

"இதுக்கு வசிலின் பூசினால் லேசாப் போகும்தானே?" அன்ரி சின்னப் போத்தலோடு வந்து நின்றார்.

"வசிலின் பட்டால் றப்பர் ஊதிப்போகும். பிறகு மறுபடி இறுகும். இதுக்குப் பிரேக் ஒயில் மட்டும்தான்."

"சரி. அப்ப என்ர கைக்குப் பூசுறன்."

புது சீல் வளையத்தைப் புது ஒயிலில் நனைத்துப் பள்ளத்தில் இருத்தி, பிஸ்டனை நேராகப் பிடித்து, இரண்டு பெருவிரலாலும் தள்ளினேன். வழுக்கிக்கொண்டு போனது. அந்த நேரத்தில் எனக்கு என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. இரண்டையும் காரில் பூட்டினேன். வலது பக்கத்துக் குழாய் சற்று முறுகி நின்றது. பார்த்தேன். பின்னேரம் நான்கு மணி. விழித்து இருபத்தெட்டு மணித்தியாலத்துக்கு மேல். முறுகினால் முறுகட்டும் என்று விட்டேன். காற்றை எடுக்கிற வேலையைக் காலைக்கு வைத்துவிட்டு மூன்று மணித்தியாலம் தூங்கி வேலைக்குப் போனேன்.

வியாழக்கிழமை ஏழு நாற்பதுக்கு அன்ரி பரீட்சை உடுப்போடு காருக்குள் இருந்தார். நீலச் சட்டை, கழுத்தில் சங்கிலி, காலில் தட்டையான சப்பாத்து. நான் சில்லுக் கழற்றிய இடத்தில், தரையில். குழாய்களைக் கழற்றியபோது உள்ளே போன காற்றை வெளியே எடுக்க வேண்டும். கலிப்பரில் அதற்கென்று சின்னத் திருகாணி ஒன்று இருக்கிறது. மிதியை அமத்தும்போது அதைத் திறந்தால் ஒயிலோடு காற்றுக் குமிழும் வரும். மிதியை விடுவதற்கு முதல் மூட வேண்டும்.

"அமத்துங்கோ."

"அமத்திட்டன்."

"பிடிச்சிருங்கோ... சரி, விடுங்கோ."

முதல் பத்து முறை குமிழ் வந்தது. பிறகு சுத்தமான ஒயில் மட்டும் வந்தது. மற்றப் பக்கமும் அப்படியே.

"முடிஞ்சுது. இப்ப அமத்திப் பாருங்கோ."

"தம்பி, கால் நிலத்தில முட்டுது."

நான் ஏறி அமத்தினேன். பஞ்சை மிதிப்பதுபோல் தளத்துக்குப் போனது. மறுபடி படுத்தேன். மறுபடி இரண்டு பக்கமும். ஒரு குமிழும் வரவில்லை. மிதி மறுபடியும் பஞ்சு. எட்டே முக்கால். இரண்டாவது போத்தலில் இரண்டு விரல் உயரம் ஒயில் மிச்சம். கிளிபோட்டை அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"குமிழ் வரேல்லை, மிதி நிலத்துக்குப் போகுது எண்டால் மாஸ்டர் சிலிண்டர்தான்," என்றான். "மேல இருந்து ஒயிலைத் தள்ளுற சாமான். பழைய காரில கடைசிவரை அமத்தினால் உள்ளுக்குக் கிழியும். அதை இண்டைக்கு மாத்தேலாது மச்சான். அன்ரியிட்டச் சொல்லு."

"அன்ரி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்," என்றார் அன்ரி.

கிளிபோட் போனை வைத்துவிட்டான்.

அன்ரி காரை விட்டு இறங்கினார். அழுவார் என்று நினைத்தேன். அவர் காலடிக் கம்பளத்தை எடுத்துத் தரையில் போட்டு, அதன்மேல் முழந்தாளிட்டுச் சில்லுக் கழற்றிய இடத்துக்குள் பார்த்தார்.

"நீர் எதால காத்தை எடுக்கிறீர்?"

காட்டினேன்.

"உதால எப்பிடி வரும்?"

"ஏன்?"

"உது கீழ கிடக்குது. காத்து மேலதானே நிக்கும்? கஸ்பருக்குப் பத்து வருசம் இன்சுலின் ஊசி போட்டனான். ஊசியைக் கீழ பிடிச்சால் காத்துப் போகுமோ? மேல பிடிச்சுத் தட்டினால்தான் போகும்."

நான் திருகாணியைப் பார்த்தேன். அது கலிப்பரின் அடியில் இருந்தது. மறுபக்கம் போய்ப் பார்த்தேன். அங்கேயும் அடியில். இடது கலிப்பரை வலது பக்கமும் வலதை இடது பக்கமும் பூட்டியிருக்கிறேன். இரண்டும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஒரே மாதிரி. மாற்றிப் போட்டாலும் பூட்டலாம். ஆனால் திருகாணி தலைகீழாகிவிடும். அடியிலிருந்து ஒயில் வந்துகொண்டிருந்தது. காற்று மேலே சுகமாக இருந்தது. பல்கலைக்கழகத்தில் திரவங்கள் பற்றிய பாடத்தில் இரண்டு முறை பெயிலான பிறகுதான் நான் வெளியே வந்தேன். அவர்கள் என்னைப் பெயிலாக்கியது நியாயம்தான்.

கிளிபோட்டுக்கு மறுபடி அடித்தேன். முதலில் ஒரு நிமிடம் சிரித்தான்.

"ஒரு பக்கத்தை முடிச்சுப்போட்டு மற்றதைக் கழட்டு எண்டு என்னத்துக்குச் சொன்னனான்? சரி விடு. கலிப்பரை ஆணியில இருந்து கழட்டி, கையில தலைகீழாப் பிடிச்சுக் காத்தை எடு. திருப்பிப் பூட்டு. இருபது நிமிசம். இண்டைக்கு ஓடிப்போட்டு வாங்கோ."

செய்திருக்கலாம். முறுகி நின்ற குழாயைக் கையால் பிடித்து, ஸ்ரேறிங்கை முழுக்கத் திருப்பிப் பார்த்தேன். சில்லைப் பூட்டினால் குழாய் அதன் உட்பக்கத்தில் உரசும். இருபது நிமிடப் பரீட்சையில் உரசி அறாது என்று நினைக்கலாம். அந்தப் பரீட்சையில் எத்தனை தரம் முழுக்கத் திருப்புவார்கள் என்பதையும் நினைத்தேன்.

"இல்லை. மாத்தித்தான் பூட்டப்போறன்," என்றேன்.

"செப்பு வளையம் இருக்கோ? குழாய் பூட்டுற இடத்தில போடுறது. ஒருக்கா நசிஞ்சதைத் திரும்பப் போட்டால் ஒழுகும்."

இருக்கவில்லை. செற்றில் வந்ததை நேற்றே போட்டு இறுக்கிவிட்டேன்.

"காஸ் அடுப்பு இருக்கோ?" என்றான் கிளிபோட். "வளையத்தைச் சிவக்கச் சூடாக்கித் தண்ணிக்குள்ள போடு. செப்பு திரும்ப மென்மையாயிடும். வெளுக்க விடாதை, உருகிப்போகும்."

ஒன்பது ஐந்து. நான் இரண்டு குழாயையும் கழற்றி, நான்கு வளையங்களையும் அன்ரியின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் சமையலறைக்குப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன்: பரீட்சைச் சட்டையின்மேல் ஏப்ரன் கட்டி, இடுக்கியால் ஒவ்வொன்றாக நெருப்பில் பிடித்து, மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கையும் தண்ணீருக்குள் போட்டெடுத்துத் துடைத்து ஒரு சோசரில் கொண்டுவந்தார். மங்கிய இளஞ்சிவப்பு. நகத்தால் அழுத்தினேன், தடம் விழுந்தது.

"நல்லா அவிஞ்சிருக்கோ?"

"ஓம் அன்ரி. இனி ஒயில் போதாது. சந்திப் பெற்றோல் ஸ்ரேசனில ஒரு போத்தல். இதே நம்பர் போட்டது. வேற நம்பர் இருந்தால் வாங்காதையுங்கோ."

வெறும் போத்தலை எடுத்துக்கொண்டு போனார். பதினைந்து நிமிட நடை அது, ஒரு வழிக்கு. இருபது நிமிடத்தில் போத்தலோடு திரும்பி நின்றார். நெற்றியில் வியர்வை. ஓடினீர்களா என்று நான் கேட்கவில்லை. போத்தலைத் தந்துவிட்டுக் காருக்குள் ஏறி மிதிக்கு முன்னால் இருந்தார்.

இந்த முறை திருகாணி மேலே நின்றது. குழாய் நேராகத் தொங்கியது.

"அமத்துங்கோ."

திறந்தேன். முதலில் ஒயில் வரவில்லை. வெறும் காற்று, நுரை நுரையாக, தும்முவதுபோல் வந்தது. ஆறாவது தரம் குமிழ் நின்றது. மற்றப் பக்கம் எட்டாவது தரம்.

"இப்ப?"

"தம்பி," என்றார் அன்ரி. "கல்லு."

பத்து மணி பத்து. சில்லுகளைப் பூட்டி, தெருவில் நான் தனியாக ஓட்டிப் பார்த்தேன். மெதுவாக மூன்று தரம், பிறகு ஐம்பதிலிருந்து மூன்று தரம் நிறுத்தினேன். நேராக நின்றது. இறங்கி இரண்டு சில்லிலும் கை வைத்தேன். ஒரே சூடு. கஸ்பர் அங்கிளின் பழைய துவாயால் கையைத் துடைத்துவிட்டு, அன்ரியை ஏற்றிக்கொண்டு, பழகுபவர் ஓட்டக்கூடாத 401 நெடுஞ்சாலைக்கு ஏறினேன். வழியில் அவர் ஒரு தரம்தான் வாய் திறந்தார்.

"உம்மட முகத்தில ஒயில்."

பதினொன்று எட்டுக்கு ஒஷாவாவில் பதிந்தார். பதினொன்று நாற்பதுக்குப் பரீட்சிக்கிற பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். விளக்குகள், ஹோர்ன், எல்லாம் பார்த்தாள். பிரேக்கை அமத்தச் சொன்னாள். பின்விளக்குச் சிவந்தது. நான் நடைபாதையோரம் நின்றேன். கார் தெருவுக்கு ஏறி இடப்பக்கம் திரும்பி மறைந்தது. நேற்றுக் காலையிலிருந்து என் கையால் தொட்ட ஒவ்வொரு ஆணியையும் வரிசையாக நினைத்தேன். எல்லாம் இறுக்கினேன் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மறுபடி முதலாவது ஆணியிலிருந்து தொடங்கினேன்.

பன்னிரண்டு ஐந்துக்குக் கார் திரும்பி வந்தது. கோடுகளுக்கு நடுவில் நின்றது. அந்தப் பெண் இறங்கி என்னைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். அன்ரி கையில் தாளோடு ஸ்ரேறிங்குக்குப் பின்னால் அசையாமல் இருந்தார். ஜன்னல் கண்ணாடியைத் தட்டினேன். இறக்கினார்.

"என்ன அன்ரி?"

"முதல் சிக்னலிலயே அந்தப் பிள்ளை முன்னுக்கு விழப் பாத்தவள்."

"எப்பிடி?"

"எப்பிடியோ? நான் இவ்வளவு நாளும் இறுகின பிரேக்கை அமத்திப் பழகினனான். காலையில முழுக்க நீர் அமத்து, அமத்து எண்டீர். நான் அமத்தினன். பெல்ற் இல்லாட்டி அவள் ரேடியோவில முட்டியிருப்பாள். கடுமையாப் பிரேக் பிடிக்கிறன் எண்டு ரெண்டு இடத்தில புள்ளி வெட்டிப்போட்டாள்."

"அன்ரி, பாஸோ பெயிலோ?"

"பொறும். உதைத்தான் சொல்ல வாறன்." தாளை மடித்தார். விரித்தார். "மூண்டாவது சிக்னலிலதான் கால் பிடிபட்டது. பிறகு பிழையில்லை. பார்க்கிங் நல்லம் எண்டவள்." மறுபடி மடித்துக் கைப்பைக்குள் வைத்து ஸிப்பை இழுத்தார். "பாஸ்."

நான் முன்பக்கம் போய் முழந்தாளிட்டு, இரண்டு சில்லின் உட்பக்கத்திலும் விரலை விட்டுத் தடவினேன். தூசு. துரு. ஈரமில்லை.

"ஏதும் ஒழுகுதோ?" தலையை வெளியே நீட்டிக் கேட்டார்.

"இல்லை. காய்ஞ்சு கிடக்குது."

"அப்ப ஏறும். பின்னேரம் மூண்டு மணிக்கு எனக்கு வேலை."

பக்கத்து இருக்கையில் ஏறினேன். அவர் கண்ணாடிகளைப் பார்த்தார், தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்தார், பின்னால் எடுத்தார். வாசலில் நிறுத்தற் பலகை. மிதியைப் பெருவிரலால் தொடுவதுபோல் மெல்ல அமத்தினார். கார் தலை ஆட்டாமல் நின்றது.

"இப்பிடியோ?"

"இப்பிடித்தான்."

தெருவில் ஒரு லொறி போகும்வரை பொறுத்திருந்தார். பிறகு 401 என்று எழுதியிருந்த பக்கம் திருப்பினார்.